வெற்றிலைக் கறை படிந்த கேசட்

மாமி, இன்று காலை ஒரு போனைத் திறந்தேன். உள்ளேயிருந்து காறல் எண்ணெய் வாடை குப்பென்று வந்தது. குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது. சாரல் விழ ஆரம்பித்தால் என் கூடப்பிறந்த காக்காவின் மொபைல் கடைக்கு இப்படிப்பட்ட போன்கள்தான் வரும். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, அந்தக் கையோடு அருவியைப் படம் பிடித்து, அப்படியே தண்ணீரிலும் போட்டுவிட்டு, மறுநாள் தென்காசிக்கு வந்து "தானா ஆஃப் ஆயிட்டு" என்பார்கள். பின்மூடியைக் கழற்றினால் நல்லெண்ணெயும் சீயக்காயும் யாருடைய தலைமுடியோ ஒன்றும் சேர்ந்து பசை போல ஒட்டிக்கொண்டிருக்கும். எனக்குக் குமட்டும். துப்பட்டாவை மூக்குக்கு மேல் இழுத்துக் கட்டிக்கொண்டுதான் வேலை செய்வேன்.

இன்றைக்குக் குமட்டலோடு சேர்ந்து உங்கள் ஞாபகமும் வந்தது. மல்லிகைப்பூ வாசனையில் உங்களை நினைத்துக்கொண்டேன், அத்தர் வாசனையில் நினைத்துக்கொண்டேன் என்றெல்லாம் எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அது பொய். உங்கள் கேசட்டை முதன்முதலாகத் திறந்த நாளில் வந்தது இந்த வாடைதான். கூடவே வெற்றிலை வாடையும்.

மாமா சவூதியிலிருந்து ஒரு லீவில் கொண்டுவந்த கேம் மெஷின் அது. கையில் பிடித்து விளையாடுவது. அதன் முதுகில் செருகுகிற, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் அகலமான சாம்பல் நிறக் கட்டையைத்தான் நாம் கேசட் என்போம். பிறக்கப்போகிற பிள்ளைக்கு என்று சொல்லிக் கொண்டுவந்தாராம். பிள்ளை பிறக்கவில்லை. மாமா திரும்பிப் போய்விட்டார். மெஷின் பீரோவில், அவர் கொண்டுவந்த புலிப்படம் போட்ட போர்வைக்குப் பக்கத்தில், அட்டைப்பெட்டியோடு வருடக்கணக்கில் கிடந்தது. ஒருநாள் நீங்களே அதை எடுத்து பேட்டரி போட்டீர்கள். அன்றிலிருந்து நீங்கள் ஒரு விவசாயி.

தோட்டம் போடுவது, தண்ணீர் ஊற்றுவது, மாடு வாங்குவது, பால் கறந்து விற்பது, சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கட்டிலில் படுப்பது. கட்டிலில் படுத்தால்தான் அன்றைய வேலை சேவ் ஆகும். உங்கள் முதல் மாட்டுக்கு என்ன பெயர் வைப்பது என்று மெஷின் கேட்டபோது, ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேடி 'மச்சான்' என்று வைத்தீர்கள். நீங்கள் மாமாவைக் கூப்பிடுகிற அதே மச்சான். நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். தினமும் உங்கள் குரல் எங்கள் அடுப்படி வரை கேட்கும்.

"ஏட்டி, மச்சான் இன்னைக்கும் பாலு தரல. மொறச்சிக்கிட்டு நிக்கான்."

உம்மா பதறிப்போவாள். "மதினி, அந்தப் பேர மாத்தித் தொலைங்களேன். யாரு காதுலயாவது விழுந்தா என்ன நெனப்பாவ?"

"நெனக்கட்டும். ரெண்டு மச்சானுக்கும் ஒரே கொணந்தான். தீனி போட்டா வாங்கிக்கிடும், தேவைன்னு போயி நின்னா முதுகக் காட்டும்."

உம்மா தலையில் அடித்துக்கொள்வாள். பிறகு அவளும் சிரிப்பாள்.

ஆனால் ஒரு விஷயத்தில் நீங்கள் எனக்கு அருவருப்பைத்தான் தந்தீர்கள் மாமி. செத்தவர்களுக்கு எழுதும்போது நல்லது மட்டும் எழுத வேண்டும் என்று உம்மா சொல்வாள். என்னால் முடியவில்லை. கேசட் சரியாக ஓடாவிட்டால் அதைக் கழற்றி, வாய்க்குப் பக்கத்தில் வைத்து, "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி உள்ளே ஊதுவீர்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தண்ணீரில் ஓதி ஊதுவார்களே, அந்த நம்பிக்கையோடு. வாயில் எப்போதும் வெற்றிலை இருக்கும்.

"ஊதாதீங்க மாமி, எச்சி உள்ள போவுது."

"பிஸ்மி சொல்லித்தான ஊதுதேன். ஒண்ணும் செய்யாது."

"பிஸ்மி போறது சரி. கூடவே வெத்தலச் சாறும்லா போவுது."

நீங்கள் சிரித்தீர்கள். சிரித்த சிரிப்பில் இன்னும் கொஞ்சம் உள்ளே போனது.

எனக்கு எதைப் பார்த்தாலும் அருவருப்பு என்று ஊருக்கே தெரியும். நான் ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டது பள்ளிக்கூடத்துக் கக்கூஸால்தான். அங்கே கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எனக்காகக் கதவைப் பிடி என்று யாரிடமும் கேட்க எனக்கு வாய் வராது. டிரம்மில் இருந்த தண்ணீரில் புழு நெளியும். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் செருகி வைத்திருப்பதை எழுதக்கூட முடியவில்லை. காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருந்து இருந்து, எரிச்சலும் காய்ச்சலும் வந்து படுத்துவிட்டேன். எழுந்த பிறகு போகமாட்டேன் என்றேன். ஏன் என்று டீச்சர் ஆள் விட்டுக் கேட்டார். சொல்லக் கூச்சமாக இருந்தது. உம்மா சொன்னாள். அது கல்யாண வீடுகளில் பேசிச் சிரிக்கிற கதையாகிவிட்டது.

"கக்கூஸுக்குப் பயந்து படிப்ப விட்டவ இவதானா?"

ஒரு கல்யாண வீட்டில் அப்படிக் கேட்ட பெண்ணுக்கு நீங்கள் பதில் சொன்னீர்கள். பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தீர்கள். கையில் எலும்பைப் பிடித்தபடியே சொன்னீர்கள்: "ஆமா, இவதான். அருவருப்பு வருதுன்னா மூக்கு உசுரோட இருக்குன்னு அர்த்தம். எல்லாத்தயும் சகிச்சிக்கிட்டுப் போறாளுவள்லா, அவளுவளப் பாத்துத்தான் எனக்கு பயமா இருக்கு."

அதற்குப் பிறகு என்னால் அன்றைக்குச் சாப்பிட முடிந்தது.

பழைய குற்றாலத்துக்கு நாம் வேனில் போன நாள் ஞாபகம் இருக்கிறதா? பெண்கள் பக்கம் நிற்க இடமில்லை. கால் வைக்கிற இடமெல்லாம் ஷாம்பு பாக்கெட். எண்ணெய் படிந்த பாறை வழுக்கியது. ஈர நைட்டிகளின் புளித்த வாடை. தலைக்கு மேலிருந்து விழுகிற தண்ணீர் நான்கு பேர் முதுகில் பட்டு, அவர்கள் அழுக்கையெல்லாம் எடுத்துக்கொண்டு என் காலில் ஓடியது. நான் குளிக்கமாட்டேன் என்று படியிலேயே நின்றுவிட்டேன்.

"ஏட்டி, மேல இருந்து வரும்போது சுத்தமாத்தான வருது?" என்றீர்கள், உச்சியில் எண்ணெயை வைத்துத் தட்டிக்கொண்டே.

"மேல போயா குளிக்க முடியும் மாமி?"

"மேல குரங்கு குளிக்கும். நீ வேணும்னா போ, ஒனக்குத் தெரிஞ்ச சனந்தான்."

சொல்லிவிட்டு உள்ளே புகுந்துவிட்டீர்கள். உங்கள் பையைப் பிடித்துக்கொண்டு நான் நனையாமல் நின்றேன். எண்ணெய்ப் பாட்டிலையும் கேம் மெஷினையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. வரிசையில் நிற்கும்போது விளையாடலாம் என்று எடுத்து வந்தீர்களாம். மாடு பட்டினி கிடக்கக் கூடாதாம். மூடி சரியாகத் திருகாத பாட்டிலிலிருந்து எண்ணெய் கசிந்து, வீடு வந்து சேரும்போது மெஷினின் முதுகு முழுக்க எண்ணெயில் ஊறியிருந்தது. நீங்கள் வழக்கப்படி துடைத்து, பிஸ்மி சொல்லி, நாலு தடவை பலமாக ஊதிச் செருகினீர்கள்.

மறுநாள் காலையில் உங்கள் குரல் வேறு மாதிரி கேட்டது. ஓடி வந்தேன். சேவ் செய்ததைக் காட்டும் இரண்டு வரிசைகள் இருக்கும். முதல் வரிசையில் உங்கள் பெயர் எப்போதும் இருக்கும். இரண்டாவது காலி. அன்றைக்கு இரண்டுமே காலி. தோட்டமில்லை. மாடில்லை. இத்தனை வருட விளைச்சல் இல்லை.

"புதுசா ஆரம்பிக்கட்டான்னு கேக்குதுட்டி. அமுக்கட்டா?"

"அமுக்காதீங்க! கைய எடுங்க மாமி!"

உங்களிடம் நான் குரலை உயர்த்திப் பேசியது அன்றைக்குத்தான். சூடு பட்டது போல நீங்கள் கையை எடுத்தீர்கள். அமுக்கியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். நீங்கள் அழுதுகொண்டிருந்தீர்கள். ஒரு விளையாட்டுக்காக இப்படியா என்று உம்மா கேட்டாள். நான் கேட்கவில்லை. சாயங்காலம் ஆனால் கட்டிலில் படுக்க ஒரு வீடு உங்களுக்கு அதற்குள்தான் இருந்தது.

அந்தக் கேசட்டின் திருகாணி சாதாரண ஸ்க்ரூடிரைவருக்கு வராது. காக்கா ஒரு பால்பாயிண்ட் பேனாவின் அடியைத் தீயில் காட்டி, இளகியதும் திருகாணியின் தலையில் அழுத்தி, ஆறியதும் திருகினான். வந்தது. எரிந்த பிளாஸ்டிக் நாற்றம் போவதற்குள் மூடி திறந்துவிட்டது. அப்போதுதான் நான் முதலில் சொன்ன வாடை. வரிசையாக இருக்க வேண்டிய பித்தளை நிறப் பட்டைகளின் மேல் பச்சை பூத்திருந்தது. அதற்கும் மேலே எண்ணெய். ஓரமெல்லாம் காவி நிறத்தில் காய்ந்த வெற்றிலைத் துளிகள். நான் கொல்லைக்கு ஓடிப்போய் ஓங்கரித்துவிட்டு வந்தேன்.

"இவ்வளவுமா என் வாயில இருந்து போச்சு?" என்று எட்டிப் பார்த்துவிட்டு நீங்களே முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள்.

"பிஸ்மியும் இங்கனதான் எங்கயாவது கெடக்கும் குப்பி, பாத்துச் சொரண்டச் சொல்லுங்க," என்றான் காக்கா. வாப்பாவோடு பிறந்தவர் என்பதால் அவன் மட்டும் உங்களைக் குப்பி என்பான்.

பள்ளிக்கூடத்து ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்த அழிரப்பரை எடுத்துப் பட்டைகளை ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். பிறகு ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு. பஞ்சு பச்சையாகி, காவியாகி, கடைசியில் வெள்ளையாகவே வந்தது. செருகிப் போட்டோம். முதல் வரிசையில் உங்கள் பெயர் வந்து நின்றது. அது எங்கேயும் போகவில்லை. அழுக்கு மறைத்திருந்தது, அவ்வளவுதான்.

நீங்கள் என்னைக் கட்டிப்பிடித்தீர்கள். உங்கள் வாய் என் கழுத்துக்குப் பக்கத்தில் இருந்ததால் நான் கொஞ்சம் விலகிக்கொண்டேன். அதையும் பார்த்துவிட்டுச் சிரித்தீர்கள்.

அன்றைக்குத்தான் உள்ளே இருந்த வட்ட பேட்டரியைக் காட்டினேன். சேவ் எல்லாம் அதன் உயிரில்தான் நிற்கிறது, அது செத்தால் எல்லாம் போய்விடும், எந்த அழிரப்பராலும் திரும்பி வராது என்று காக்கா விளக்கினான்.

"எப்பச் சாவும்?"

"சொல்ல முடியாது குப்பி. இன்னும் பல வருசம் ஓடும். நாளைக்கே போனாலும் போவும்."

"அப்ப நம்மளப் போலத்தான்," என்றீர்கள்.

நான் புதிய பேட்டரி ஒன்றை வரவழைத்தேன். ஈயத்தால் பற்றவைக்கத் தகடுக் கால் வைத்த பேட்டரி தென்காசியில் கிடைக்காது. வந்து சேர்ந்ததும் உங்களிடம் காட்டினேன். நீங்கள் மெஷினைப் பின்னால் ஒளித்துக்கொண்டீர்கள். மாற்றும்போது கை தவறினால் எல்லாம் போய்விடும் என்று நானே சொல்லியிருந்தேனே. "இப்ப வேணாம்ட்டி. இப்ப அது அழிஞ்சா என்னால தாங்க முடியாது. நான் போன பெறகு மாத்து. அப்ப அழிஞ்சாலும் எனக்குத் தெரியாதுல்லா." பேட்டரியை ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்தேன்.

பிறகு உங்கள் வயிற்றில் கட்டி என்றார்கள்.

அந்த மாதங்களைப் பற்றி நிறைய எழுத மாட்டேன். புலிப்படப் போர்வையைப் பீரோவிலிருந்து எடுத்துப் போர்த்தினோம். நீங்கள் அதன் மேல் வாந்தி எடுத்தீர்கள், ஒருமுறை இல்லை. அருவருப்பே வரவில்லை என்று எழுதினால் அது உங்களுக்கே பிடிக்காது. வந்தது. அப்படியே ஓடிவிடலாம் போல வந்தது. நான் வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டு, "மூக்கப் பொத்திக்கோ, தப்பில்ல. கையக் கட்டிக்காத," என்றீர்கள். மூக்கைத் துப்பட்டாவால் கட்டிக்கொண்டு வந்து துடைத்தேன். போர்வையை மிதித்து மிதித்துத் துவைத்தேன். கடைசி நாட்களில் உங்களால் மெஷினைப் பிடிக்க முடியவில்லை. நான் பிடித்துக்கொண்டு உங்கள் முகத்துக்கு நேராகக் காட்டுவேன். தண்ணீர் ஊற்றுவேன், மாட்டைத் தேய்ப்பேன். கட்டிலில் படுக்கவைத்து சேவ் செய்வேன். நீங்கள் தலையை ஆட்டுவீர்கள்.

மாமாவால் வர முடியவில்லை. லீவு தரவில்லை என்றார்கள். அது உண்மையாகத்தான் இருக்கும். நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு வந்தார். கபருக்குப் பக்கத்தில் நின்று அழுதார். அதுவும் உண்மைதான். அந்த லீவிலேயே சுரண்டையில் ஒரு பெண் பார்த்தார்கள். கல்யாணம் செய்வதை நான் தப்பாக நினைக்கவில்லை மாமி, நீங்களும் நினைக்க மாட்டீர்கள். ஆணுக்குச் சமைத்துப் போட ஆள் வேண்டும் என்று ஊரே சொல்லிற்று. நான் சொல்ல வந்தது வேறு ஒன்று.

நான் கடையில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்துதான் வேலை செய்வேன். வருகிறவர்களோடு காக்கா பேசிக்கொள்வான். ஒரு முற்பகல் மாமாவின் குரல் கேட்டது. அதற்கு முன்பே அத்தர் வாடை திரையைத் தாண்டி வந்துவிட்டது.

"பிள்ள உள்ளதான இருக்கு? இதக் கொஞ்சம் புதுசு மாதிரி ஆக்கிக் குடுக்கச் சொல்லுப்பா. வெள்ளிக்கெழம பொண்ணு வீட்டுக்குப் போறோம்."

திரையை விலக்கி எட்டிப் பார்த்தேன். மேஜை மேல் உங்கள் மெஷின், அதன் பழைய அட்டைப்பெட்டியோடு. வாசலில் நின்ற ஆட்டோவில் இன்னொரு பை. அதற்குள் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில், மடித்து, புலியின் முகம் மேலே தெரியும்படி, அந்தப் போர்வை.

காக்காவும் அதைப் பார்த்துவிட்டான். "மாமா, அது..."

"அவசரமா வந்தேன்லா, ஒரு சாமானும் எடுக்கல. சவூதிலேர்ந்து வந்தவன் வெறுங்கையோட போய் நிக்க முடியுமா? நல்லாத் தொவச்சிருக்கு. பாத்தா புதுசுதான்."

துவைத்தது நான். எந்த இடத்தில் எது பட்டிருந்தது என்று அந்தப் புலியின் முகத்தில் என்னால் விரலை வைத்துக் காட்ட முடியும். செத்துப்போன மனைவியின் வாந்தித் துணியை வரப்போகிற மனைவிக்கு வெளிநாட்டுச் சாமான் என்று கொண்டுபோகிறார். நான் அவர் என்றே எழுதுகிறேன். வேறு மாதிரி எழுதினால் நீங்கள் திட்டுவீர்கள்.

மாமா மெஷினைப் போட்டார். முதல் வரிசை வந்தது. கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் எழுத்துக் கூட்டினார். உங்கள் பெயரைச் சத்தமாகப் படித்தார். கண் கலங்கியிருந்தது. கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். பிறகு மெஷினை மேஜை மேல் வைத்தார்.

"அவ பேரு இருக்கு. அத அழிச்சிரு. அங்கன பாத்தா நல்லாருக்காது. வெத்தலக் கறயும் தொடச்சிரு."

அவர் அழாமல் அதைச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு குமட்டியிருக்காது.

ஆட்டோ போன பிறகு காக்கா சொன்னான்: "அழிக்கன்னு தனியா ஒண்ணும் செய்ய வேண்டாம். பழைய பேட்டரியப் புடுங்கு. தானாப் போயிரும்." சொல்லிவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு லுஹர் தொழப் போனான்.

அழிப்பது அவ்வளவு சுலபம். காப்பாற்றுவதுதான் வேலை. பேட்டரியை எடுத்த நொடியில் உள்ளே இருப்பது போய்விடும். அதனால் எடுப்பதற்கு முன்பே, வேறொரு பேட்டரியிலிருந்து இரண்டு மெல்லிய வயர்களைக் கொண்டுவந்து பக்கத்திலேயே பற்றவைத்துவிட வேண்டும். அது தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும்போது பழையதை எடுத்து, புதியதை வைத்து, கடைசியில் வயர்களை எடுக்க வேண்டும். எங்கள் கடை கரண்டு லைனில் கசிவு உண்டு. ஈயம் பற்றவைக்கிற அயர்னின் நுனி பட்டால் விரலில் சுரீர் என்னும். அந்தக் கசிவு ஒன்றே எல்லாவற்றையும் அழித்துவிடும். அயர்னைச் சூடாக்கி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஆறுவதற்குள் வைத்து எடுக்க வேண்டும். ஈயம் ஒரு சொட்டு நகர்ந்து பேட்டரியின் இரண்டு காலையும் தொட்டால் முதல் வரிசை காலி.

நீங்கள் சொன்னதை நினைத்துக்கொண்டேன். அப்போது அழிந்தாலும் உங்களுக்குத் தெரியாது. ஆனால் எனக்குத் தெரியும் மாமி. அதை நீங்கள் யோசிக்கவில்லை.

அயர்ன் பட்டதும் பலகையில் ஒட்டியிருந்த பழைய எண்ணெயும் வெற்றிலையும் சுட்டு, ஒரு புகை எழுந்து நேராக என் முகத்துக்கு வந்தது. வாய் வரைக்கும் வந்துவிட்டது. மூக்கைப் பொத்த ஒரு கை வேண்டும். இரண்டு கையும் வேலையில் இருந்தன. மூச்சை அடக்கிக்கொண்டேன். கண்ணில் நீர் முட்டி, பேட்டரியின் கால்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. இமையைக் கொட்டிவிட்டு மறுபடி பார்த்தேன். பழைய பேட்டரி சாமணத்தோடு வந்துவிட்டது. புதியது உட்கார்ந்தது. வயர்களை எடுத்தேன். பட்டைகளைத் துடைத்தேன். உங்கள் எச்சிலின் மிச்சமெல்லாம் பஞ்சில் வந்தது. அந்தப் பஞ்சைக் குப்பையில்தான் போட்டேன். எடுத்து வைத்துக்கொள்கிற அளவுக்கு எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. எச்சில் எச்சில்தான்.

மூடாமலே செருகிப் போட்டேன். முதல் வரிசையில் உங்கள் பெயர். உள்ளே போனேன். தொழுவத்தில் மச்சான் நின்றான். தீனி போட்டேன். முதுகைக் காட்டினான். கட்டிலில் படுக்கவைத்து சேவ் செய்தேன்.

காக்கா வந்து எட்டிப் பார்த்தான். பெயர் இருப்பதைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். திட்டுவான் என்று நினைத்தேன். அவன் கேசட்டைத் திருப்பிப் பார்த்தான்.

"டேப் ஒட்டாம ஈயம் வச்சிருக்க. அப்ப ரொம்ப காலம் தாங்கும்." ஷட்டரை மேலே தள்ளினான். "மாமா கேட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் பள்ளிவாசல்ல இருந்தேன்."

சாயங்காலம் மாமா வந்தார். மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மோந்துகூடப் பார்த்தார். "எல்லாம் சரியாப் போச்சா?" என்று திரையைப் பார்த்துக் கேட்டார்.

"சுத்தமா இருக்கு மாமா," என்றேன்.

போட்டுப் பார்க்க அவருக்கு நேரமில்லை.

நிக்காஹ் அன்று சுரண்டையில் பெண்கள் இருந்த அறையின் ஒரு மூலையில் நான் உட்கார்ந்திருந்தேன். கூட்டம் சாப்பிடப் போனதும் மணப்பெண் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். அவளை மாமி என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. முப்பதுகூட ஆகியிருக்காது. மடியில் அந்தப் போர்வையைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள்.

"நீதான மொபைல் கடையில இருக்க பிள்ள?" என்றாள். பிறகு குரலை இறக்கினாள். "இது புதுசுன்னு சொல்லுதாவ. எனக்கு என்னமோ மருந்து வாடை வருது. இங்கன எல்லாரும் ஒனக்குப் பிரமைங்காவ. ஒனக்கு வருதா?"

பள்ளிக்கூடத்தில் கதவைப் பிடி என்று கேட்க முடியாத வாய் இது மாமி. டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியாத வாய். வெளியே யாரோ செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது. வந்துவிடுவார்கள்.

"வருது லாத்தா," என்று அக்கா முறை வைத்துச் சொன்னேன். "ஒங்களுக்குப் பிரமை இல்ல."

அவள் என் முகத்தையே பார்த்தாள். போர்வையை மடியிலிருந்து எடுத்துத் தள்ளி வைத்தாள். நான் எழுந்தேன். ஆனால் சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி இருந்தது.

"அந்த கேம் மெஷின் இருக்குல்லா, அதப் போட்டுப் பாருங்க. ரெண்டாவது வரிச ஒங்களுக்கு. மொத வரிசைய மட்டும் அழிச்சிராதீங்க. ஓடலன்னா வாயால ஊதாதீங்க."

சொல்லிவிட்டுச் சாப்பிடாமலேயே பஸ் ஏறிவிட்டேன். மாமா வந்து சத்தம் போடுவார் என்று பல நாள் பயந்து கிடந்தேன். அவர் வரவில்லை. லீவு முடிந்து சவூதிக்குப் பயணம் போய்விட்டார் என்று உம்மா சொன்னாள்.

இன்று காலை எண்ணெய் நாறும் போனைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தபோதுதான் காக்காவின் போனில் ஒரு மெசேஜ் வந்தது. சுரண்டையிலிருந்து. எனக்கு என்று சொல்லி அவன் திரைக்குள் நீட்டினான்.

'ரெண்டாவது வரிசையில ஆரம்பிச்சேன், மனசு வரல. மொத வரிசையிலயே போய்ப் பாத்தேன். தோட்டமெல்லாம் காஞ்சி கெடக்கு, தண்ணி ஊத்திட்டேன். மச்சான்னு ஒரு மாடு நிக்கி. பாலு தர மாட்டேங்கு. என்ன செய்யணும்?'

அதன் கீழே இன்னொன்று: 'போர்வைய எரிச்சிட்டேன்.'

அவளுக்கு மூக்கு உயிரோடு இருக்கிறது மாமி.

உங்கள் பழைய பேட்டரி என் ஜியாமெட்ரி பாக்ஸில், அழிரப்பருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதில் இனி ஒன்றும் நிற்காது. நீங்கள் சொன்ன இரண்டு சொல்தான் என்னிடம் நிற்கிறது, மூக்குக்கு ஒன்று, கைக்கு ஒன்று. தினமும் தேய்த்துவிட வேண்டும், முதுகைக் காட்டினாலும் விடக்கூடாது என்று அவளுக்குப் பதில் எழுதினேன். பிறகு துப்பட்டாவை மூக்குக்கு மேல் இழுத்துக் கட்டிக்கொண்டு, போனுக்குள் ஒட்டியிருந்த அந்த யாருடையதோ முடியைச் சாமணத்தால் பிடித்து இழுத்தேன்.